வாங்கி வந்த ஆட்டுக்குட்டிகளைத் தேற்றுதல்: ஆறு குட்டிகளின் நிகழ்வு ஆய்வு

ஆறு குட்டிகள், நான்கு பெட்டை, இரண்டு கிடா. விற்றவர் சொன்ன வயது மூன்று மாதம். தாயிடமிருந்து பிரித்ததே சந்தைக்கு ஏற்றிய அன்றுதான். பால் மறந்தது, பல இடத்துக் குட்டிகளோடு கலந்து நின்றது, பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் வண்டியில் வந்தது எல்லாம் ஒரே நாளில் நடந்திருக்கிறது. வந்து சேர்ந்த இரவு, குட்டிகள் வாடியிருக்கின்றனவே என்று வளர்ப்பவர் உடைத்த மக்காச்சோளத்தைத் தொட்டி நிறையக் கொட்டிவிட்டார். மறுநாள் முழுக்கவும் அதேதான். அதற்கடுத்த காலையில், ஆறில் நல்ல கொழுகொழுவென்று இருந்த கிடா இறந்து கிடந்தது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மீதி ஐந்தும் பிழைத்தன. இவற்றுக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்பதை எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லிவிடுவார். எதை முதலில் செய்வது, எதை நாலு நாள் தள்ளிப்போடுவது என்கிற வரிசையில்தான் புதுக்குட்டிகள் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இருக்கிறது. அந்த வரிசை இந்த ஐந்து குட்டிகளிலும் ஐந்து விதமாக அமைந்தது. அதற்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கண்டவை

குட்டிகளைப் பிடிக்கும் முன் எட்ட நின்று பார்த்தேன். துரத்திப் பிடித்த பிறகு எண்ணும் மூச்சுக் கணக்குக்கு அர்த்தமில்லை. நிழலில் ஓய்வாக இருக்கும் குட்டி நிமிடத்துக்கு 20 முதல் 40 தடவை மூச்சு விடும். உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம்.

கறுப்புப் பெட்டை, புள்ளிப் பெட்டை இரண்டுக்கும் கழிச்சல். கருஞ்சிவப்பாக, சளியும் ரத்தமும் கலந்து, முக்கி முக்கிப் போயின. வால் முழுக்கக் காய்ந்து ஒட்டியிருந்தது. இதில் புள்ளிதான் சின்னது: 5.4 கிலோ எடை, வாய் சில்லென்று இருந்தது, வெப்பம் 37.3 டிகிரி.

சாம்பல் கிடா இருமிக்கொண்டிருந்தது. 40.8 டிகிரி காய்ச்சல், நிமிடத்துக்கு 64 மூச்சு. மார்பின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் நுரையீரல் கரகரத்தது.

வெள்ளைப் பெட்டை ஒரு மூலையில் பேசாமல் நின்றது. காய்ச்சல் இல்லை, புழுக்கை கெட்டியாக இருந்தது, கொடுத்த தழையையும் கடித்தது. தாடைக்குக் கீழே மட்டும் மெத்தென்று ஒரு வீக்கம். செவலைப் பெட்டை நன்றாகவே இருந்தது.

வளர்ப்பவருக்குக் கவலை முழுவதும் கழிச்சல் குட்டிகள் மேல்தான். எனக்கோ வெள்ளைதான் உறுத்தியது. கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் உட்புறம் காகிதம் போல வெளுத்திருந்தது. இமை நிறத்தை ஒப்பிட்டு ரத்தசோகையைக் கணிக்க ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை உண்டு. தென்னாப்பிரிக்காவில் உருவானது, நல்ல சிவப்புக்கு 1, வெளுப்புக்கு 5. வெள்ளைக்கு 5. செவலைக்கு 3. மற்றவை 2, 3.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் எட்டு முன் பால் பற்களும் வந்துவிடும். அதனால் இரண்டு மாதக் குட்டியையும் மூன்று மாதக் குட்டியையும் முன் பல்லை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் கறுப்பும் புள்ளியும் ஒன்றின் காதை ஒன்று சப்பிக்கொண்டிருந்தன. எடையையும் சேர்த்துப் பார்த்தால் இவை இரண்டும் இன்னும் பால் குடிக்க வேண்டிய குட்டிகள் என்றே முடிவு செய்தேன். விற்பவர் வாயிலிருந்து வரும் வயதைவிடக் குட்டியின் நடத்தை நம்பகமானது.

இறந்த கிடா சொன்னது

புதைக்கும் முன் அறுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். பலர் இதற்குத் தயங்குவார்கள், இவர் சம்மதித்தார். மீதிக் குட்டிகளின் சிகிச்சைக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான்.

முதல் வயிறு முழுக்க உடைத்த மக்காச்சோளம், புளித்த வாடை. இதய உறையில் மஞ்சள் நீர், அதில் கூழ் போன்ற கட்டிகள். சிறுகுடல் சிவந்திருந்தது. சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரைச் சர்க்கரைப் பட்டையில் தொட்டுப் பார்த்தால் சர்க்கரை இருந்தது. இவை எல்லாம் துள்ளுமாரி நோயின் பக்கம் கை காட்டுகின்றன. அந்த நோயின் கிருமி, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜன்ஸ் டி வகை, நல்ல ஆட்டின் குடலிலேயே கொஞ்சமாக இருக்கும். செரிக்காத மாவுச்சத்து திடீரென்று சிறுகுடலுக்குள் வந்து சேரும்போது மளமளவென்று பெருகி நஞ்சைக் கக்கும். கொழுத்த குட்டி முதலில் போவதற்கும் இதுவே காரணம். தொட்டியில் மற்றதை முட்டித் தள்ளிவிட்டு அதிகம் தின்பது அதுதானே. குடல் நீரில் நஞ்சுச் சோதனை செய்ய வசதி கிடைக்கவில்லை. அதனால் துள்ளுமாரியாக இருக்கவே அதிக வாய்ப்பு, கூடவே தானியத்தால் வந்த அமிலத்தேக்கம் என்றுதான் பதிவு செய்தேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. குடல் சுவரில் ஆங்காங்கே குண்டூசித் தலை அளவில் வெண்புள்ளிகள். சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் ஐமீரியாவின் வளர்நிலைகள் நிறைந்திருந்தன. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இது. கழிச்சல் இல்லாத குட்டியிலேயே இப்படி என்றால், கூட வந்தவை எல்லாவற்றிலும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், அன்று கறுப்பின் சாணத்தைப் பார்த்தபோது ஒட்டுண்ணி முட்டைகள் மிகச் சிலவே இருந்தன. அதை மட்டும் பார்த்திருந்தால் ரத்தக்கழிச்சலை ஒதுக்கியிருக்கக்கூடும். ஐமீரியா குடல் செல்களுக்குள் பெருகி அவற்றை உடைத்து, கழிச்சல் தொடங்கிய பிறகே முட்டைகள் சாணத்தில் ஏராளமாக வரத் தொடங்குவது உண்டு. மூன்று நாள் கழித்து எடுத்த மாதிரியில் எண்ணி மாளவில்லை. நேர்மாறாகவும் நடக்கும்: நன்றாக ஓடி விளையாடும் குட்டியின் புழுக்கையிலும் முட்டைகள் இருக்கும். எண்ணிக்கையைக் குட்டியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

முதல் நாள்: கொடுத்ததும் கொடுக்காததும்

“டாக்டர், பூச்சி மருந்து, சத்து ஊசி, தடுப்பூசி எல்லாத்தையும் இன்னைக்கே போட்டுடலாமா?”

புதிதாகக் குட்டி வாங்கியவர்கள் எல்லோரும் கேட்பது இது. நல்ல எண்ணம்தான். ஆனால் வாடிப்போன குட்டியின் உடல் தடுப்பூசிக்குச் சரியாக எதிர்வினை காட்டாது. போட்டும் பலன் அரைகுறை. சத்து ஊசி என்று விற்பதில் பி1 வைட்டமினுக்குச் சில நேரம் நியாயம் உண்டு, மற்றது பெரும்பாலும் வளர்ப்பவரின் மன ஆறுதலுக்கு. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு தடவை பிடிக்க வேண்டும், ஒவ்வொரு பிடியும் ஒரு மிரட்சி. பூச்சி மருந்து அன்று ஒரே ஒரு குட்டிக்குத்தான் போயிற்று. அது வெள்ளை. காரணம் பின்னால் வருகிறது.

அன்று முதல் வேலை புள்ளியைச் சூடாக்குவது. உடல் சில்லிட்ட குட்டிக்குப் பசி என்று நினைத்துப் பால் புகட்டினால் அது கெடுதல். குளிர்ந்த குடல் அசையாது, பால் அப்படியே தங்கிப் புளிக்கும். விழுங்கும் சக்தியும் குறைந்திருப்பதால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளை இரண்டு பக்கமும் வைத்து, தடிமனான வைக்கோல் படுக்கையில் கிடத்தினோம். வெப்ப விளக்கை வைக்கோலுக்குப் பக்கத்தில் தொங்கவிடக் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். கொட்டகை தீப்பிடிப்பது அப்படித்தான்.

கூடவே, வெதுவெதுப்பாக்கிய உப்புநீரும் குளுக்கோஸும் ரத்தக் குழாய் வழியாக ஏற்றினேன். நீரிழப்பைக் கணக்கிடக் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்ப்பது வழக்கம். மெலிந்த குட்டியில் அது மிகைப்படுத்திக் காட்டும். கண் குழிக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை நான் அதிகம் நம்புவேன். புள்ளியின் கண் நன்றாக உள்வாங்கியிருந்தது. எடையில் பத்தில் ஒரு பங்கு நீர் போயிருக்கும் என்று வைத்தால் ஏறக்குறைய 540 மில்லி. பாதியை ரத்தக் குழாய் வழியாகவும், உடம்பு சூடாகிச் சப்பத் தொடங்கியதும் மீதியை வாய் வழியாகவும் கொடுத்தோம். விரலை வாயில் வைத்தால் இழுத்துச் சப்புகிறதா என்பதுதான் வாய்வழிக்கு அனுமதிச் சீட்டு.

கறுப்பு அவ்வளவு மோசமில்லை. உப்புச்சர்க்கரைக் கரைசலை ஒரு தடவைக்கு 100 மில்லி அளவில், இடைவெளி விட்டு இரவு முழுக்கக் கொடுத்தார்கள். புகட்டும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கக்கூடாது. மூக்கு கண்ணுக்கு மேலே போகாமல், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் போதும்.

மறுநாள் காலை, நீர்ச்சத்து ஓரளவு திரும்பிய பிறகு, ஐந்து குட்டிகளுக்கும் டோல்ட்ராசூரில் என்கிற ஐமீரியா மருந்தை ஒரே வேளை, கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் கொடுத்தேன். கழிச்சல் இல்லாதவற்றுக்கும் ஏன் என்றால், இந்த மருந்து உண்மையில் பலன் தருவது அவற்றுக்குத்தான். ரத்தம் தெரியத் தொடங்கிவிட்ட குட்டியில் குடலுக்கான சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். மருந்து மேற்கொண்டு பெருகுவதை நிறுத்தும், உடைந்த குடலைத் திரும்பத் தராது. ஆம்ப்ரோலியத்தை ஐந்து நாள் கொடுப்பதும் வழக்கத்தில் உள்ள முறைதான். அதை அளவு மீறியோ நீண்ட நாளோ கொடுத்தால் பி1 வைட்டமினுக்குப் பற்றாக்குறை வந்து மூளை பாதிக்கும். வழக்கமான பூச்சி மருந்துகள், அல்பெண்டசோல் போன்றவை, ஐமீரியாவை எதுவும் செய்யாது. ‘பூச்சி மருந்து கொடுத்தும் கழிச்சல் நிற்கவில்லை’ என்று வரும் குட்டிகளில் பாதிக்கு விளக்கம் இதுவாகத்தான் இருக்கும்.

காய்ச்சல் இல்லாததால் கழிச்சல் குட்டிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. நான்காம் நாள் கறுப்பின் சாணம் கூழானது. புள்ளிக்கு ஒரு வாரம் பிடித்தது.

வெள்ளை

தாடை வீக்கத்தைச் சீழ்க்கட்டி என்று நினைத்து ஊசியால் குத்திவிடலாமா என்று கேட்டார்கள். நல்லவேளை, கேட்டார்கள். அது ரத்தத்தில் புரதம் குறைந்ததால் தோலுக்கடியில் தேங்கிய நீர். அழுத்தினால் குழி விழும், சூடு இருக்காது, வலிக்காது. பகலில் தலை குனிந்து மேய்ந்தபின் மாலையில் பெரிதாகவும், இரவு ஓய்வுக்குப் பின் காலையில் சிறியதாகவும் இருக்கும்.

வெளுத்த இமையும் தாடை வீக்கமும் கெட்டிப் புழுக்கையும் ஒன்றாக வந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஹீமோன்கஸ் என்கிற ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. இது நான்காம் வயிற்றில் இருக்கும், பொதுவாகக் கழிச்சலை உண்டாக்காது. அதனால்தான் ஏமாற்றுகிறது. ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை இழக்கச் செய்யும் என்பது கணக்கு. வெள்ளையின் எடை 7 கிலோ. உடம்பில் மொத்த ரத்தம் அரை லிட்டர் அளவுதான். ஐந்நூறு புழு இருந்தாலே தினம் 25 மில்லி போகும், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதன் சாணத்தில் கிராமுக்கு 7,200 புழு முட்டைகள் இருந்தன. ரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு 14. ஆடுகளில் 22க்கு மேல் இருக்க வேண்டும்.

இந்தக் குட்டியில் காத்திருப்பதுதான் ஆபத்து. அதனால் அன்றே லெவமிசோல் என்கிற பூச்சி மருந்து, வாய் வழியாக, கிலோவுக்கு 12 மில்லிகிராம். ஆடுகளின் உடல் பல குடற்புழு மருந்துகளைச் செம்மறிகளைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கான அளவைக் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். அதேசமயம் லெவமிசோலில் சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகலானது. கண்ணளவு எடை இங்கே கூடவே கூடாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்தால் போதுமே.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசித்தேன். எழுந்து நின்றது, தின்றது, ஓய்வில் இதயம் படபடக்கவில்லை. ரத்தம் கொடுக்க நோய் பரிசோதித்த பெரிய ஆடும் கைவசம் இல்லை. வேண்டாம் என்று விட்டேன். அதற்குப் பதில் ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டேன்: இதை யாரும் துரத்தக் கூடாது, நடக்கவும் விடக் கூடாது. தீவனமும் தண்ணீரும் படுத்த இடத்துக்கு வரும். ரத்தம் வற்றிய குட்டியை மருந்து கொடுக்கத் துரத்திப் பிடித்து, அது கையிலேயே சுருண்டு விழுவதைப் பார்த்திருக்கிறேன். துணைக்குச் செவலையைப் பக்கத்துத் தடுப்பில் கட்டினோம். ஆட்டுக்குட்டி தனியாக இருந்தால் கத்திக் கத்தியே தின்னாமல் போகும்.

இரும்புச்சத்து பிறகு கொடுத்தோம். ஆனால் அதைவிடப் புரதம்தான் முக்கியம், பயறுவகைத் தழையும் உலர்ந்த மரத்தழையும். ஒரு வாரத்தில் ரத்த அணுக்கள் 17 ஆயின, மூன்றாம் வார முடிவில் 24. வீக்கம் பத்து நாளில் வடிந்தது.

கிடாவின் இருமல்

பயணக் களைப்பில் வரும் நிமோனியா. கொட்டகையின் நாலு பக்கமும் சாக்குக் கட்டி மூடியிருந்தார்கள். உள்ளே போனால் மூத்திர நெடியில் கண் எரிந்தது. குட்டிக்குத் தரை சூடாகவும் காற்று புதிதாகவும் இருக்க வேண்டும். மேல்பாதிச் சாக்குகளை அவிழ்த்து, கீழே படுக்கையைக் கூட்டினோம். நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் ஊசி, இடைவெளி விட்டு இரண்டு. வலி குறைக்கும் மருந்தை அது நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகே கொடுத்தேன். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

வாயில் வந்த பொருக்கு

எட்டாம் நாள், எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தபோது செவலையின் உதட்டோரத்தில் பொருக்குகள். இத்தனை நாளும் ஒரு நோயும் இல்லாமல் இருந்தது இது ஒன்றுதான். வளர்ப்பவர் பதறிப்போய் ஆட்டுக்கொல்லியா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1942இல் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோயை 2030க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்; அவ்வளவு சேதம் செய்வது. தொற்றி நாலைந்து நாளிலோ, சில நேரம் பத்து நாள் வரையிலோ தான் வெளியே தெரியும் என்பதால், முதல் நாளிலிருந்தே தினமும் ஐந்து வாய்களையும் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தேன்.

ஆட்டுக்கொல்லியில் வாய்க்கு உள்ளே, ஈறிலும் நாக்கிலும் புண் வரும். கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, பிறகு கழிச்சல். செவலைக்கு வெப்பம் 39.4, வாயின் உட்புறம் சுத்தம், உதட்டின் வெளிப்புறத்தில்தான் கரடுமுரடான பொருக்கு. இது தொற்று வாய்ப்புண், ஆர்ஃப் என்பார்கள். இருந்தாலும், ஏற்கெனவே கழிச்சலும் இருமலும் கண்ட மந்தை என்பதால் மாதிரி எடுத்து அனுப்பினேன். ஆட்டுக்கொல்லி இல்லை என்று முடிவு வந்தது. ஆர்ஃபுக்கு மருந்து பெரிதாகக் கிடையாது, மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும். பொருக்கைப் பிய்க்காமல், முள்ளும் கரடும் இல்லாத தழையாகக் கொடுத்தால் போதும். மனிதர் கைக்கும் தொற்றும் என்பதால் கையுறை போடச் சொன்னேன்.

தீவனம்

தானியத்தை முழுக்க நிறுத்தினேன். நான்கு நாள் உலர்ந்த புல்லும் தழையும் தண்ணீரும்தான். இதில் வளர்ப்பவருக்குச் சம்மதமே இல்லை. மெலிந்த பிள்ளைக்குச் சோறு போடாதே என்றது போலப் பார்த்தார். ஆனால் பட்டினி கிடந்த முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் குறைந்துபோயிருக்கும். அவற்றை நார்த்தீவனத்தால்தான் திரும்பக் கொண்டுவர முடியும். குட்டிகள் படுத்து அசை போடத் தொடங்கியதைப் பார்த்த பிறகே அடர்தீவனம், ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு 30 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. சாணம் இளகாமல் இருந்தால் மட்டும் மூன்று நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் ஏற்றினோம். தொட்டி ஒன்று, வாய் ஐந்து என்றில்லாமல் தனித்தனிக் கிண்ணம்.

கறுப்புக்கும் புள்ளிக்கும் புட்டிப்பால் திரும்ப வந்தது: எடையில் பத்தில் ஒரு பங்கு, நாலு வேளையாக, உடல் சூட்டில். சப்பிக் குடித்தால்தான் பால் முதல் வயிற்றைத் தாண்டி நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும். ஊற்றிப் புகட்டினால் முதல் வயிற்றில் விழுந்து புளிக்கும். புட்டியைத் தாயின் மடி உயரத்தில் பிடிக்க வேண்டும். உப்புக் கரைசலைப் பாலோடு கலக்காமல் சில மணி நேரம் தள்ளியே கொடுத்தார்கள். அதிலுள்ள சோடா பால் உறைவதைக் கெடுக்கும்.

அதன் பிறகு

இரண்டாம் வாரத்தில் சாண முட்டை எண்ணிக்கை பார்த்து, செவலைக்கும் கிடாவுக்கும் மட்டும் பூச்சி மருந்து. பேன் மருந்தும் அப்போதுதான். ஈர்கள் மருந்துக்குச் சாகாது என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி. துள்ளுமாரித் தடுப்பூசி நான்காம் வாரத்தில், எல்லாம் தின்று துள்ளிக்கொண்டிருந்தபோது. நான்கு வாரம் கழித்து இரண்டாவது. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியை இரண்டுக்கும் நடுவில் போட்டோம்.

வெள்ளையின் முட்டை எண்ணிக்கை லெவமிசோல் கொடுத்த இரண்டு வாரத்தில் 7,200லிருந்து 450 ஆனது. குறைவு 94 விழுக்காடு. 95க்குக் கீழே போனால் புழுக்கள் மருந்துக்கு எதிர்ப்பு பெற்றிருக்கலாம் என்று சந்தேகிப்பது வழக்கம். ஆனால் ஒரே குட்டியை வைத்து அதைச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ஆடுகளிலாவது பார்க்க வேண்டும். அதனால் எதிர்ப்பு என்று எழுதாமல், அடுத்த தடவை வேறு வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்து மறுபடி எண்ண வேண்டும் என்று மட்டும் குறித்துவைத்தேன்.

ஆறாம் வாரத்தில் வெள்ளை 9.6 கிலோ, செவலை 11, கிடா 11.3, கறுப்பு 8.5. புள்ளி 6.9தான். ரத்தக்கழிச்சலில் குடலின் உறிஞ்சு பரப்பு சிதைந்த குட்டி பிழைத்தாலும் வளர்ச்சியில் பின்தங்கும். சிலது பின்னால் எட்டிப் பிடிக்கும், சிலது பிடிக்காது. புள்ளியை இனப்பெருக்கத்துக்கு வைக்கலாமா என்று கேட்டார். ஒரு வயதில் எடை பார்த்து முடிவு செய்யலாம் என்றேன்.

ஐந்தும் பெரிய மந்தையோடு சேர்ந்தது செவலையின் பொருக்கு முழுதும் உதிர்ந்து, கடைசிச் சாணப் பரிசோதனையும் வந்த பிறகுதான். தனிக் கொட்டகையின் மண் தரையைச் சுரண்டி எடுத்து, கூரைத் தடுப்பை விலக்கி வெயில் விழச் செய்தார்கள். ஐமீரியா முட்டைகள் ஈர மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அசையாது. வறட்சியும் வெயிலும்தான் அவற்றைக் கொல்லும். இன்னும் நாலு குட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். தரை நன்றாகக் காயும்வரை அவற்றை வேறு இடத்தில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.